பல் கவசத்தின் கதை: குத்துச்சண்டை மேடையிலிருந்து படுக்கையறை வரை

1/
1990 பிப்ரவரி 11. டோக்கியோ. அதுவரை ஒரு தோல்விகூட பார்க்காத மைக் டைசன், பத்தாவது ரவுண்டில் பஸ்டர் டக்ளஸ் விட்ட குத்துகளில் தன் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையா கீழே விழறார். நடுவர் எண்ண ஆரம்பிச்சுட்டார். டைசன் முட்டி போட்டு, தரையில் கையால் எதையோ துழாவறார்.

2/
அவர் தேடினது வாயிலிருந்து தெறிச்சு விழுந்த மவுத் கார்டை. எடுத்து வாயில் வைக்கிறார். கோணலா, பாதி வெளியே தொங்குது. தள்ளாடி எழுந்திருக்கறதுக்குள்ள கணக்கு முடிஞ்சுடுது. உலக சாம்பியன் பட்டமும் போயிடுது. மூளை கலங்கிக் கிடந்த அந்த நொடியிலும் கை முதலில் தேடினது அந்தச் சின்னத் துண்டைத்தான்.

3/
அந்தத் துண்டோட வரலாறுதான் இந்த நீண்ட இழை. சுமார் 130 வருஷக் கதை. இதில் மனுஷங்க ரெண்டு தப்பை மாத்தி மாத்திப் பண்ணியிருக்காங்க. ஒண்ணு, "இதெல்லாம் எதுக்கு?"ன்னு ஒதுக்கறது. இன்னொண்ணு, "இது இருந்தா எதுவும் ஆகாது"ன்னு நம்பறது. ரெண்டுலயும் நஷ்டம் நமக்குத்தான். பொறுமையா வாசிங்க.

4/
முதல்ல ஒரு கேள்வி. குத்துச்சண்டை வீரருக்கு பல் கவசம் எதுக்கு? "பல்லு உடையாம இருக்க"ன்னு சொல்வீங்க. இன்னைக்கு அது சரி. ஆனா முதல் கவசம் வந்தது பல்லுக்காக இல்லை, உதட்டுக்காக.

5/
1867-ல் இங்கிலாந்தில் குயின்ஸ்பெரி விதிகள் வெளியாச்சு. இனி கையுறை போட்டுத்தான் சண்டை. பாதுகாப்பு கூடியிருக்கும்னுதானே நினைப்போம்? வெறுங்கையால் ஒருத்தன் தலையில் ஓங்கிக் குத்தினா, குத்தினவன் கை எலும்பும் உடையலாம். அந்தப் பயமே ஒரு கட்டுப்பாடா இருந்துச்சு. கையுறை அந்தப் பயத்தை எடுத்துடுச்சு. அதுக்கப்புறம் முகத்துல விழற குத்து கூடிடுச்சுன்னு வரலாறு எழுதினவங்க பலர் சொல்றாங்க.

6/
முகத்தில் குத்து விழும்போது உதடு எங்க மாட்டுது தெரியுமா? வெளியே கையுறை, உள்ளே நம்ம சொந்த முன்பல். பல்லோட விளிம்பு கத்தி மாதிரி. உதட்டுக்கு ரத்த ஓட்டமும் அதிகம். கிழிஞ்சா கொட்டும். வாயெல்லாம் ரத்தம், விழுங்க முடியாது, மூச்சு வாங்க முடியாது. நல்லா ஆடிட்டிருந்தவன்கூட உதடு கிழிஞ்சதால சண்டையை விடவேண்டி வரும்.

7/
அந்தக் காலத்தில் வீரர்களோட வைத்தியம் என்ன? பஞ்சு, ஸ்பாஞ்சு, ஒட்டுப்பட்டை, சின்ன மரத்துண்டு... கையில் கிடைச்சதைப் பல்லுக்கு நடுவில் கடிச்சுக்கிட்டு நின்னாங்க. கடிச்சுட்டே இருக்கணும், வாயைத் திறந்தா விழுந்துடும். மூச்சுக்குழாய்க்குள்ள போனா என்ன ஆகும்னு ஒரு டாக்டரா யோசிச்சா எனக்கு இப்பவும் வியர்க்குது.

8/
1890-களில் லண்டன்ல வுல்ஃப் க்ராஸ்னு ஒரு பல் மருத்துவர். அவர்தான் சண்டைக்கு முன்னாடி வீரர்களோட மேல்முன்பற்கள் மேல கட்டா-பெர்ச்சா பட்டைகளை ஒட்டி அனுப்ப ஆரம்பிச்சார். நோக்கம் ஒண்ணுதான்: பல்லோட கூர்மையை மூடணும், உதடு கிழியக்கூடாது. இதுக்குப் பேர் கம் ஷீல்டு.

9/
கட்டா-பெர்ச்சான்னா என்ன? மலாயா பக்கத்து மரம் ஒண்ணோட பால். சுடுதண்ணில போட்டா களிமண் மாதிரி இளகும், ஆறினா இறுகும். கடலுக்கு அடியில போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையா இதைத்தான் சுத்தினாங்க. கோல்ஃப் பந்தும் இதில் செஞ்சாங்க. உங்களுக்கு ரூட் கெனால் சிகிச்சை நடந்திருக்கா? அப்ப பெரும்பாலும் உங்க பல் வேருக்குள்ளயும் அதுதான் இருக்கு.

10/
க்ராஸோட மகன் ஃபிலிப் க்ராஸும் பல் மருத்துவர். அதைவிட முக்கியம், அவரே ஒரு அமெச்சூர் குத்துச்சண்டை வீரர். குத்து வாங்கினவனுக்குத்தானே தெரியும் எது வலிக்கும்னு! ஒட்டிப் பிய்க்கிற பட்டையை விட்டுட்டு, கழட்டி மறுபடி மாட்டிக்கிற ரப்பர் கவசத்தை உருவாக்கினார். அவரோட பள்ளித் தோழன் டெட் 'கிட்' லூயிஸ் அதை வாயில் மாட்டிக்கிட்டு தொழில்முறை மேடை ஏறினார். வருஷம் 1913.

11/
லூயிஸ் கிழக்கு லண்டன் ஏழை யூதக் குடும்பத்துப் பையன். 1915-ல் வெல்டர்வெயிட் உலக சாம்பியன். அவருக்கும் அமெரிக்காவோட ஜாக் பிரிட்டனுக்கும் ஜென்மப் பகை. ரெண்டு பேரும் 20 தடவை மோதியிருக்காங்க! பட்டம் இங்கயும் அங்கயுமா மாறிட்டே இருந்துச்சு.

12/
1921 பிப்ரவரி, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். கடைசி மோதல். பிரிட்டனோட மேனேஜர் டான் மோர்கன் ஒரு ஆட்சேபணை கிளப்பறார்: "வாயில எதையோ வச்சிருக்கான், இது விதிக்கு விரோதம்." ஆட்சேபணை செல்லுபடியாச்சு. வழக்கமான கவசம் இல்லாமத்தான் லூயிஸ் ஆடவேண்டி வந்துச்சு. 15 ரவுண்டு முடிவில் பிரிட்டனுக்கு வெற்றி. கவசம் இருந்திருந்தா லூயிஸ் ஜெயிச்சிருப்பார்னு நான் சொல்ல வரலை. ஆட்சேபணையை மட்டும் கவனிங்க.

13/
அந்தக் கவசத்தால எதிராளிக்கு ஒரு கீறல்கூட விழாது. அப்புறம் என்ன பிரச்சினை? "இவன் உதடு மட்டும் கிழியாம இருக்கே, இது நியாயமா?" அவ்வளவுதான்! வலி தாங்கறதுதான் வீரம்னு நம்பற இடத்துல பாதுகாப்பு ஏமாத்து வேலையாத் தெரியும். கிரிக்கெட்லயும் இதே கதைதான். 1978-ல் டெஸ்ட் போட்டியில் முதன்முதலா ஹெல்மெட் போட்டு வந்த ஆஸ்திரேலியாவோட கிரஹாம் யாலப்பைப் பார்த்து கூட்டம் கேலிக் கூச்சல் போட்டுச்சு. இன்னைக்கு ஹெல்மெட் இல்லாம வேகப்பந்தைச் சந்திக்கப் போறவரைத்தான் வினோதமாப் பார்ப்போம்.

14/
சரி, கவசத்துக்கு வருவோம். மனசை மாத்தினது மருத்துவ ஆராய்ச்சியா? இல்லை. ஒரு தோல்வி. 1927 மார்ச், அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன். மைக் மெக்டீக், ஜாக் ஷார்கி மோதறாங்க. மெக்டீக் புள்ளியில் முன்னாடி இருக்கார். ஆனா உடைஞ்ச பல் ஒண்ணு அவர் உதட்டை உள்ளேயிருந்து கிழிச்சுடுச்சு. ரத்தம் நிக்கவே இல்லை. 12-வது ரவுண்டில் சண்டையை நிறுத்திட்டாங்க. வெற்றி ஷார்கிக்கு.

15/
ஆறு வருஷத்துக்கு முன்னாடி எது விதிமீறலோ, அதை இதுக்கப்புறம் நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் அனுமதிச்சது. 1930-ல் அதே ஆணையத்தோட ஆய்வாளராகவும் இருந்த பல் மருத்துவர் கிளாரன்ஸ் மேயர், ஒவ்வொருத்தர் பல்லையும் அச்செடுத்து அளவா கவசம் செய்யற முறையை எழுதி வெளியிட்டார். உதட்டுக்காக வந்த பொருள் பல்லையும் தாடையையும் காக்கிற பொருளா மாறினது இப்படித்தான்.

16/
அடுத்த கட்டம் அமெரிக்கன் ஃபுட்பால். 1940, 50-களில் அந்த ஆட்டத்தில் ஏற்பட்ட காயங்களில் கால்வாசியிலிருந்து பாதி வரை வாய், பல் சம்பந்தப்பட்டதுதான். 1947-ல் லாஸ் ஏஞ்சலஸ் பல் மருத்துவர் ராட்னி லில்லிக்விஸ்ட் ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் மெல்லிய கவசம் செஞ்சார். வாயில் இருக்கறதே தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் குவார்ட்டர்பேக் ஃபிராங்கி ஆல்பர்ட் அதைப் போட்டு ஆடினதும் பேர் பரவிடுச்சு.

17/
1960-ல் அமெரிக்க பல் மருத்துவர் சங்கம் மோதல் விளையாட்டு எல்லாத்துக்கும் கவசம் வேணும்னு பரிந்துரைச்சது. 1962-ல் அங்கே உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் வீரர்களுக்குக் கட்டாயம். கல்லூரிகளுக்கு 1973-ல். கவனிச்சீங்களா? அறிவுரை சொன்னப்போ போடாதவங்க, விதி வந்ததும் போட்டாங்க.

18/
இதுக்கு ரொம்பத் தெளிவான சாட்சி நியூசிலாந்து. ரக்பி அங்கே மதம் மாதிரி. 1990-களோட கடைசியில் உள்நாட்டு ரக்பியில் கவசத்தைக் கட்டாயமாக்கினாங்க. 1995-லிருந்து 2003-க்குள் ரக்பி பல் காயத்துக்கான இழப்பீட்டு மனுக்கள் 43% குறைஞ்சுது. கவசம் போடாதவருக்குப் பல் காயம் ஏற்படற வாய்ப்பு, போட்டவரை விட 4.6 மடங்குன்னு அந்த ஆய்வு கணக்கிட்டது.

19/
எப்படி வேலை செய்யுது? ரொம்ப எளிமை. ஒரு பல் மேல ஒரு நொடிப்பொழுதில் விழற விசையைப் பல பற்கள் மேல பரப்புது, விழற நேரத்தையும் கொஞ்சம் நீட்டுது. உச்ச விசை குறையுது. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் மெத்தை. கீழ்ப்பல் வந்து மேல்பல்லில் மோதும்போதும் மெத்தை. இப்ப பெரும்பாலும் ஈ.வி.ஏ.ங்கிற மென்மையான பிளாஸ்டிக்கில் செய்யறாங்க.

20/
மூணு வகை இருக்கு. ஒண்ணு, வாங்கி அப்படியே மாட்டறது. நல்லாப் பொருந்தாது, கடிச்சுட்டே இருந்தாத்தான் நிக்கும். (பழைய மரத்துண்டு ஞாபகம் வருதா?) ரெண்டு, வெந்நீரில் போட்டு இளக்கி, கடிச்சு அச்சு எடுத்துக்கறது. பரவாயில்லை. மூணு, பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யறது. இதுதான் சிறந்தது, விலையும் அதிகம்.

21/
இப்ப ரெண்டாவது தப்பு. 1960-களில் சில ஆய்வுகள் வந்துச்சு: கவசம் போட்டா தாடை வழியா மண்டைக்குப் போற அதிர்ச்சி குறையலாம்னு. "குறையலாம்" போகப்போக "குறையும்" ஆச்சு. விளம்பரத்தில் "மூளை அதிர்ச்சியைத் தடுக்கும்" ஆச்சு. 2012-ல் அப்படி விளம்பரம் பண்ணின ஒரு கவச நிறுவனம், இனி ஆதாரம் இல்லாம அப்படிச் சொல்லக்கூடாதுன்னு அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்துச்சு.

22/
ஏன்? மூளை மண்டையோட்டுக்குள்ள திரவத்தில் மிதக்குது. தலை சட்டுனு திரும்பினா உள்ளே மூளை குலுங்கும். வாயில் என்ன மாட்டியிருந்தாலும் அந்தத் திருப்பம் நிக்காது. ஐஸ் ஹாக்கியில் மட்டும் கவசம் போட்டவங்களுக்கு மூளை அதிர்ச்சி குறைவுன்னு ஆய்வுகள் காட்டுது, அதை மறைக்க மாட்டேன். ஆனா "கவசம் இருக்கு, தலைக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு எந்தப் பிள்ளையையும் களத்துக்கு அனுப்பாதீங்க. டைசன் வாயிலும் கவசம் இருந்துச்சு.

23/
இதில் ஒரு சுவாரஸ்யமான திருப்பம்: 2024 ஜனவரியிலிருந்து உயர்மட்ட ரக்பியில் உணரி பொருத்தின ஸ்மார்ட் கவசங்களைப் பயன்படுத்தறாங்க. தலைக்கு விழுந்த அதிர்வை அளந்து, அளவு மீறினா மைதான மருத்துவருக்கு எச்சரிக்கை அனுப்பும். அடியைத் தடுக்க முடியலை, சரி. நடந்ததுக்குச் சாட்சியாவது சொல்லட்டும்!

24/
இதுவரைக்கும் எதிராளி வேற ஒருத்தர். இப்ப படுக்கையறைக்கு வாங்க. இங்கே நம்ம தாடையேதான் எதிராளி. தூக்கத்தில் பல்லை நறநறன்னு கடிக்கறது, மருத்துவத்தில் ப்ரக்ஸிஸம். நம்ம மொழியிலயே "பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கோ"ன்னு ஒரு பேச்சு இருக்கே, அதை உடம்பு ராத்திரியில் நிஜமாவே செய்யுது. பெரியவங்களில் சுமார் 8% பேருக்கு இது உண்டு. குழந்தைகளில் இன்னும் அதிகம், வளர வளர பெரும்பாலும் தானாக் குறைஞ்சுடும்.

25/
"ராத்திரி பல்லைக் கடிச்சா வயித்துல பூச்சி"ன்னு பாட்டி சொல்லுவாங்க. பல் கடிக்கிற எல்லாக் குழந்தைக்கும் பூச்சி இல்லை, பூச்சி இருக்கிற எல்லாக் குழந்தையும் பல் கடிக்கறதும் இல்லை. பள்ளியில் குடுக்கிற பூச்சி மாத்திரையைக் கண்டிப்பா போடுங்க, அது நல்லது. ஆனா பல் கடிக்கிற சத்தத்தை மட்டும் வச்சு திரும்பத் திரும்ப மாத்திரை குடுக்க வேண்டாம்.

26/
பாட்டியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி டாக்டர்கள் கதையையும் கேளுங்க. 1901-ல் வியன்னாவில் கரோலி என்கிற பல் மருத்துவர் பல் கடிக்கறதுக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு இருக்குன்னார். 1907-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் நரம்பு நோயாளிகளிடம் இதைப் பார்த்து 'ப்ரக்ஸோமேனி'ன்னு பேர் வச்சாங்க. 1931-ல் ஃப்ரோமன் இன்றைய 'ப்ரக்ஸிஸம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அவர் கட்டுரை எதைப் பத்தி தெரியுமா? பல் பிரச்சினைகளுக்கு மனநலச் சிகிச்சை!

27/
1961-ல் ராம்ஃப்யோர்ட் என்ற அறிஞர், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாப் பொருந்தாததுதான் முக்கியக் காரணம்னு எழுதினார். விளைவு? உலகம் முழுக்க எத்தனையோ பேரோட பல்லைத் தேய்ச்சுத் தேய்ச்சு 'சமன்' பண்ணினாங்க. பின்னாடி வந்த ஆய்வுகளில் அந்தக் கருத்து நிக்கலை. தேய்ச்ச பல் திரும்ப வருமா?

28/
விடை கிடைச்சது தூக்க ஆய்வகங்களில். கனடாவில் ழில் லவீன் போன்றவங்க, தூங்கறவங்களோட மூளை, இதயம், தாடைத் தசை எல்லாத்தையும் ஒரே நேரத்தில் பதிவு பண்ணினாங்க. வரிசை இதுதான்: முதல்ல மூளை சில நொடி லேசா விழிக்குது, இதயம் வேகமாகுது, அப்புறம்தான் தாடை இறுகுது. ஆக, தொடக்கம் பல்லில் இல்லை, மூளையில். மன அழுத்தம், மது, புகை, அதிகக் காபி, சில மனஅழுத்த மாத்திரைகள், குறட்டையோட மூச்சு அடைக்கிற நோய் இதெல்லாம் கூட்டாளிகள்.

29/
அப்ப நைட் கார்டு எதுக்கு? பல் தேயாம இருக்க. அதுக்கு உதவும். ஆனா கடிக்கறதையே அது நிறுத்திடும்னு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லைன்னு 2007-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிடுச்சு. மேடையில் பார்த்த அதே நியாயம்தான் இங்கயும். கவசம் அடியை வாங்கிக்கும். அடிக்கிற கை அங்கேயேதான் இருக்கும்.

30/
முக்கியமா இதைக் குறிச்சுக்கோங்க. விளையாட்டுக் கவசம் வேற, நைட் கார்டு வேற. 1987-ல் ஒகீசன் 10 பேருக்கு ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தார். கெட்டியான கவசத்தில் 8 பேருக்கு ராத்திரி தசை வேலை குறைஞ்சது. மென்மையான கவசத்தில் 5 பேருக்கு அது கூடிடுச்சு! சின்ன ஆய்வுதான். ஆனா காரணம் புரியுதே: மெத்துன்னு ஒண்ணைக் கையில் குடுத்தா கை சும்மா பிசைஞ்சுட்டே இருக்கும்ல, வாயும் அப்படித்தான். அதனால ஆன்லைனில் கிடைக்கிற மெத்து கவசத்தை ராத்திரிக்கு மாட்டிக்காதீங்க.

31/
நான் பொது மருத்துவர், பல் மருத்துவர் இல்லை. என் வேலை உங்களைச் சரியான கதவுக்கு அனுப்பறது. காலையில் தாடை வலி, பொட்டில் தலைவலி, பல் கூச்சம், பல் நுனி தட்டையாகறது இருந்தா பல் மருத்துவரைப் பாருங்க. கூடவே சத்தமா குறட்டை, பகல்ல தூக்கம் இருந்தா என்னை மாதிரி ஒருத்தரையும் பாருங்க. கவசம் மட்டும் மாட்டிட்டு மூச்சு அடைப்பை விட்டுட்டா, பல் பிழைக்கும், இதயம் கஷ்டப்படும். புதுசா மாத்திரை ஆரம்பிச்ச பிறகு பல் கடிப்பு வந்திருந்தா டாக்டரிடம் சொல்லுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.

32/
இப்ப நம்ம ஊருக்கு. குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போற பையன் கவசம் போடறான், ஏன்னா விதி. ஹாக்கி, கராத்தே, கபடி ஆடற பிள்ளைகளில் எத்தனை பேர் வாயில் கவசத்தைப் பார்த்திருக்கீங்க? கபடியில் முழங்கையும் முட்டியும் முகத்தில் படறது சாதாரணம். இளக்கிக் கடிக்கிற கவசம் சில நூறு ரூபாய். போன முன்பல்லுக்கு இம்ப்ளான்ட் வைக்க சில பத்தாயிரம். பல் போனா சொல் போச்சும்பாங்க, காசும் போகும்.

33/
கவசம் வாங்கினா: வளர்ற பிள்ளைக்குப் பல் மாறும், அதனால வருஷா வருஷம் பொருத்தம் பாருங்க. கிழிஞ்சா மாத்துங்க. ஆறின தண்ணியில் கழுவி காத்தோட்டமான டப்பாவில் வைங்க. வெயிலில் நிக்கிற வண்டிக்குள்ள போட்டா வளைஞ்சுடும். அண்ணன் கவசம் தம்பிக்கு வேண்டாம்.

34/
கவசம் இல்லாத நேரத்தில் நிலையான பல் வேரோட விழுந்துட்டா: பல்லைத் தேடி எடுங்க. வெள்ளைப் பக்கத்தைப் பிடிங்க, வேரைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க. அழுக்கிருந்தா பாலில் ஒரு அலசு. முடிஞ்சா அதே குழியில் திருப்பி வச்சு, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்க. முடியலையா, பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்க. முதல் அரை மணி நேரம் தங்கம். பால் பல்லா இருந்தா மட்டும் திருப்பி வைக்காதீங்க.

35/
தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தா பல்லைத் தேடிட்டு நிக்காதீங்க. முதல்ல ஆஸ்பத்திரி.

36/
லூயிஸுக்கு 1921-ல் மறுத்ததை நியூயார்க் ஆணையம் ஏத்துக்க ஒரு வீரர் ரத்தம் சிந்தவேண்டி இருந்துச்சு. உங்க பிள்ளை ஆடற கிளப்புக்கு அப்படி ஒரு நாள் வரணும்னு அவசியமில்லை. அடுத்த வாரம் பயிற்சிக்கு விடப் போகும்போது கோச்சிடம் ஒரே கேள்வி கேளுங்க: "சார், பசங்களுக்கு மவுத் கார்டு கட்டாயம் ஆக்கலாமா?" ஒருத்தர் கேட்டா யோசிப்பார். பத்து பேர் கேட்டா விதியாயிடும்.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.